முன் சீட்டில் உட்கார்ந்து பேசியது

1

பத்துப் பெண்கள் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வட்டமாக உட்கார்ந்திருந்தால், அதில் வாயே திறக்காதவள் நான்தான். ஊரில் என் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஊமைச்சி என்றுதான் என்னைக் கூப்பிடுவீர்கள். அந்த ஊமைச்சி வண்டியில் ஓயாமல் பேசுகிறாள், டிரைவரைச் சண்டைக்கு இழுக்கிறாள், தூங்க விடுவதில்லை என்று இங்கே கம்பெனிக்குப் புகார் போயிற்று. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.

புகாரோடு முடிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நேற்று விடியக்காலையில் ஒன்று நடந்துவிட்டது. அதற்காக நாளைக்கு ஆபீசுக்கு வரச்சொல்லியிருக்கிறார்கள். வேலை இருக்குமா போகுமா என்பது அங்கே போனால்தான் தெரியும். இன்று ஞாயிற்றுக்கிழமை. மகள் செல்வியும் மருமகனும் முந்தாநாளே அவருடைய வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நம் ஊர் நூலக மலருக்கு எழுதித் தாருங்கள் அத்தை, துபாய்க்காரர்கள், சிங்கப்பூர்க்காரர்கள் எல்லாம் எழுதுகிறார்கள் என்று தம்பி மகள் பல நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரம் என்ன வெளிநாடா, ஒரு பஸ் மாறி ஏறினால் வந்துவிடலாமே என்று நானும் தள்ளிப்போட்டேன். ஆனால் கொரோனா வந்தபோது களியக்காவிளை எல்லையில் தடுப்பு வைத்து மறித்தார்களே, அன்றைக்கு இதுவும் வெளிநாடுதான் என்று புரிந்தது. படித்தது ஐந்தாம் வகுப்பு. பிழை இருந்தால் தம்பி மகள் திருத்திக்கொள்வாள்.

2

நான் இருப்பது ஆரியசாலையில், மொத்தக் கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில். கொத்து வேலைக்கு வந்த வீட்டுக்காரரோடு வந்தேன். அவர் சுவர் கட்டினார், நான் கல் சுமந்தேன். செல்வி பிறந்தது, படித்தது, கல்யாணம் ஆனது எல்லாம் இங்கேயே. மருமகன் இந்த ஊர்க்காரர். வீட்டுக்குள் அவர்கள் பேசுவது மலையாளம். என்னிடம் செல்வி தமிழில் ஆரம்பிப்பாள், பாதி வழியில் மலையாளத்துக்குத் திரும்பிவிடுவாள். நானும் கண்டுகொள்வதில்லை. வீட்டுக்காரர் காலமான பிறகு கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் ஒரு பெரிய கட்டடத்தில் தரை துடைத்தேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. தரையோடு யாரும் பேச வேண்டியதில்லை.

கொரோனாவில் கட்டடத்தைப் பூட்டினார்கள். தம்பி வீட்டில் வந்து கிடந்தேனே, அப்போதுதான். திரும்பக் கூப்பிட்டபோது துடைக்கிற வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். எங்களை வேலைக்கு வைத்திருக்கும் ஏஜென்சியின் சூப்பர்வைசர் சார் ஒரு நீலச் சட்டையும் கழுத்தில் மாட்டும் அட்டையும் கொடுத்தார். சேலைக்கு மேலே அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள வேண்டும். எஸ்கார்ட் வேலை.

அது என்னவென்று சொல்கிறேன். கம்பெனியில் காலை ஷிப்டு இருட்டிலேயே தொடங்கும். பெண் பிள்ளைகளை வீட்டு வாசலில் போய் வண்டி ஏற்றிக்கொண்டு வரும். டிரைவர் ஆண் பிள்ளை. அதனால் காவலுக்கு முன் சீட்டில் ஓர் ஆள் உட்கார வேண்டும். அந்த ஆள் ஏறாமல் வண்டியை எடுக்கவே கூடாது. அது அங்கே பெரிய சட்டம்.

"எனக்கு யாரையும் அதட்டத் தெரியாதே சார்" என்றேன்.

"அக்கா ஒந்நும் பேசண்டா. முன்னாடி இருந்தா மதி" என்றார். சும்மா உட்கார்ந்திருந்தால் போதுமாம். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, அவருக்கு நாற்பதுகூட இருக்காது. ஆனால் தமிழ்ப் பெண் என்றால் இங்கே எந்த வயதிலும் அக்காதான்.

வேலையில் சேர ஊசி சர்ட்டிபிகேட் கேட்டார்கள். முதல் ஊசி ஊரில் தம்பி போன் நம்பரில் போட்டது. இரண்டாவது இங்கே செல்வி நம்பரில் போட்டது. உடம்புக்கு இரண்டு ஊசி. கம்ப்யூட்டருக்கு இரண்டுமே முதல் ஊசி. ஆஸ்பத்திரியில் இருந்த பெண் திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா ஒந்நே எடுத்திட்டுள்ளு" என்றாள். ஒன்றுதான் போட்டிருக்கிறதாம். வாதாட வராமல் நான் இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். "கையில எழுதியா இருக்கு?" என்று செல்வி தலையில் அடித்துக்கொண்டாள். கடைசியில் மூன்றாவதாக ஒன்று போட்டுக்கொண்டு, இரண்டு ஊசி போட்டவள் ஆனேன்.

3

எங்கள் வண்டி டிரைவர் பெயர் ஷிபு. செல்வி வயதுதான் இருக்கும், அதனால் அவன் என்றே எழுதுகிறேன். நல்ல பையன். வீடு முழுக்கப் பொம்பளைப் பிள்ளைகள் என்று அவனே சொல்வான். கொரோனா நாட்களில் ஸ்கூட்டரில் மீன் விற்றானாம்.

விடியக்காலையில் ஆரியசாலைக்கு வந்து முதலில் என்னை ஏற்றிக்கொள்வான். பிறகு ஸ்ரீவராகத்தில் வித்யா. அக்கிரகாரத்துப் பிள்ளை. வீட்டு வாசலில் அம்மாவிடம் தமிழில் "போயிட்டு வரேம்மா" என்பாள். வண்டிக்குள் கால் வைத்ததும் மலையாளம்தான். அடுத்து பேட்டையில் ஒரு பெண், சாக்கையில் ஒரு பெண். அங்கிருந்து பைபாஸில் நேராகக் கழக்கூட்டம்.

ஆரம்பத்தில் கெடுபிடி அதிகம். நான் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை ஒவ்வொரு பிள்ளை நெற்றியிலும் காட்ட வேண்டும். பின் சீட்டில் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்று சாக்கைப் பெண்ணுக்கு வேறு வண்டி. டிரைவருக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள். ஏசி போடக்கூடாது, நான்கு கண்ணாடியும் இறங்கியிருக்க வேண்டும். பைபாஸ் காற்று காதைக் கிழிக்கும். மழைச் சாரல் சேலையை நனைக்கும். எல்லோரும் நடுங்கிக்கொண்டு போய் இறங்குவோம்.

பிறகு ஒவ்வொன்றாகத் தளர்த்தினார்கள். பிளாஸ்டிக் தாளைக் கழற்றினார்கள். சாக்கைப் பெண்ணும் எங்களோடு ஏறினாள். ஏசி போடலாம் என்றார்கள். கண்ணாடிகள் ஏறின. பிள்ளைகள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்து தூங்க ஆரம்பித்தார்கள். கடைசியில் விருப்பம் உள்ளவர்கள் மட்டும் மாஸ்க் போட்டால் போதும் என்று வந்தது.

ஷிபு மாஸ்க்கைக் கழற்றி ஒரு காதில் தொங்கவிட்டான். அன்றைக்குத்தான் அவன் வாயை முழுசாகப் பார்த்தேன். பேட்டையிலிருந்து சாக்கை போவதற்குள் எத்தனையோ கொட்டாவி. அத்தனை மாதம் அது துணிக்குள்ளேயே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

கேட்டபோது சொன்னான். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் பகலில் ஸ்கூல் வேன். சாயங்காலத்துக்கு மேல் கம்பெனிப் பிள்ளைகளை வீட்டில் விடுகிற டிரிப். அதை முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வண்டியிலேயே சாய்ந்துவிட்டு இந்த டிரிப். கொரோனாவில் போன டிரைவர்கள் பாதிப் பேர் திரும்பி வரவில்லை. இருக்கிறவர்கள்தான் எல்லாவற்றையும் ஓட்ட வேண்டும்.

"எப்ப தூங்குவ தம்பி?"

"ஞாயறாழ்ச்ச" என்று சிரித்தான். ஞாயிற்றுக்கிழமைதானாம்.

4

பைபாஸில் ஒரு நாள் வண்டி மெதுவாக நடுச்சுவர் பக்கம் சாய்ந்து போவது போல் இருந்தது. திரும்புகிறானாக்கும் என்று நினைத்தேன். சாலையில் பதித்திருக்கும் வெளிச்சக் கட்டைகள் சக்கரத்தில் தடதடவென்று அடித்தன. அவனைப் பார்த்தேன். கண் மூடியிருந்தது. கை மட்டும் ஸ்டியரிங் வட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. மடியில் அந்தக் காய்ச்சல் துப்பாக்கி இருந்தது. அதை எடுத்து அவன் நெற்றிப் பொட்டில் வைத்து அமுக்கிவிட்டேன். பீப் என்று கத்தியது. துள்ளி விழித்து வண்டியை நேராக்கினான்.

"எந்தா அக்கா, சூடு உண்டோ?"

"சூடு இல்ல. தூங்கிட்ட."

"ஒறக்கமொந்நும் இல்ல. கண்ணு ஒந்நு அடச்சு, அத்ரேயுள்ளு." கண்ணைக் கொஞ்சம் மூடினானாம், அவ்வளவுதானாம். கொஞ்ச தூரம் போன பிறகு மெல்லச் சொன்னான்: "அக்கா, ஆபீஸில் பறயல்லே." சொல்லிவிடாதே என்கிறான். சொன்னால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள் என்பது எனக்கும் தெரியும். பின்னால் திரும்பிப் பார்த்தேன். மூன்று பிள்ளைகளும் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சொல்லவில்லை. அதற்குப் பதிலாகப் பேச ஆரம்பித்தேன்.

5

பேச என்னிடம் என்ன இருக்கிறது? என் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பீடி சுற்றும்போது நீங்கள் எல்லோரும் பேசியது முழுக்க என் காதில்தான் விழுந்தது. நான் பேசாததால் ஒன்றும் சிந்தாமல் உள்ளேயே இருந்தது. அதை எடுத்து ஷிபுவிடம் கொட்டினேன். தெருவின் தண்ணீர்த் தொட்டியில் குனிந்து முகம் கழுவிய பெரியவரின் பொய்ப்பல் செட்டு உள்ளே விழுந்ததே, அந்தக் கதை. பெயர் சொல்லமாட்டேன், அவர் பேரன் இந்த மலரைப் படிப்பான். பல் போனது வெளியே தெரியக்கூடாது என்று அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஊர்க்கூட்டத்தில் உட்கார்ந்ததும், இரண்டு தரப்பும் சொன்னதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டியதும், அதனாலேயே பல வருஷ வரப்புத் தகராறு தீர்ந்துபோனதும் சொன்னேன்.

"என்னிட்டு பல்லு கிட்டியோ?" என்று ஷிபு கேட்டான். பல் கிடைத்ததா என்று தெரிய வேண்டும் அவனுக்கு.

"நாளைக்குச் சொல்லுதேன்."

இது ஒரு வாரம் வேலை செய்தது. பிறகு கதை தாலாட்டு மாதிரி ஆகிவிட்டது. நான் சொல்லச் சொல்ல அவன் "உம்" கொட்டுவான், உம் நீண்டுகொண்டே போகும், பிறகு உம் நின்றுவிடும். நான் துப்பாக்கியை எடுப்பேன்.

கதையைவிடக் கேள்வி நல்லது என்று கண்டுபிடித்தேன். பதில் சொல்ல வேண்டுமே, விழித்துக்கொள்வான். சாளை மீனிலும் அயிலையிலும் எது ருசி, மூத்த பிள்ளைக்கு யார் ஜாடை, மீன் விற்றபோது எந்தத் தெருவில் பேரம் அதிகம் என்று கேட்டுக்கொண்டே வருவேன். கேள்வியைவிட நல்லது கோபம். கோபம் வந்தால் ஆளுக்குத் தூக்கம் கிட்டவே வராது. அது தெரிந்ததும், என் வாழ்நாளில் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசாத நான், தினமும் விடியக்காலையில் ஒரு மலையாளத்துப் பையனை வம்புக்கு இழுத்தேன்.

"உங்க ஊர் சாம்பார்ல காய் நீச்சல்லா அடிக்குது. புடிக்கத் தூண்டில் வேணும்."

"நிங்ஙளுடெ சாம்பாரோ? கரண்டி குத்தி நிறுத்தாம்!" கரண்டியைக் குத்தி நிறுத்தலாமாம், அவ்வளவு கெட்டியாம்.

"புட்டுனு ஒண்ணு. மாவைப் பிசையப் பொறுமை இல்லாம உதிர்த்துப் போட்டுட்டு அதுக்கு ஒரு பேரு."

"அக்கா, புட்டினெ பறஞ்ஞா நான் வண்டி நிர்த்தும், கேட்டோ!"

"நிறுத்து. நிறுத்திட்டுத் தூங்கு. எனக்கு அதான் வேணும்."

சில நாள் என் மனசுக்கே கஷ்டமாக இருக்கும். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றும்போது தொண்டை கட்டியிருக்கும். பேசுவது இவ்வளவு உடம்பு வேலை என்று எனக்குத் தெரியாது. கல் சுமந்த நாளில்கூட இப்படிக் களைத்ததில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமலே சுவரில் சாய்ந்திருப்பேன்.

செல்வியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மே, இதெல்லாம் நிங்ஙளுக்கு எந்தினா? மிண்டாதிருந்தா போதும்னுதானே உங்கள வச்சிருக்காங்க?" என்றாள். மிண்டாதிருப்பது என்றால் வாய் பேசாமல் இருப்பது. என் மகளே என்னிடம் அதைச் சொன்னது வேடிக்கையாக இருந்தது.

6

புகார் போன் வழியாகவே போயிருக்கிறது. பயணம் எப்படி இருந்தது என்று வண்டியில் வருகிறவர்களிடம் தினமும் போனில் கேட்டு எழுதச்சொல்வார்களாம். எழுதியது வித்யா. அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. வீட்டுக்குப் போயும் லேப்டாப்பைத் திறந்து வேலை பார்க்கிற பிள்ளை. வண்டியில் கிடைக்கிற தூக்கம்தான் அவளுக்குத் தூக்கம். அதையும் நான் சாம்பாரால் கெடுத்திருக்கிறேன்.

சூப்பர்வைசர் சார் கூப்பிட்டு நிறுத்தினார். "எந்தா அக்கா, வண்டியில பிரசங்கமாணோ? பேசவே தெரியாதுன்னு சொன்ன ஆளுதானே?"

தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொன்னால் ஷிபுவின் வேலை போகும். அதனால் ஒன்றும் சொல்லவில்லை.

"எஸ்கார்ட் டிரைவரோட பேசக் கூடாதுன்னு ரூல் உண்டு. இனி ஒரு வார்த்த பேசினதா கேட்டா மாத்திடுவேன்."

மறுநாள் நான் பேசவில்லை. ஷிபுவும் பயந்துபோய்ப் பேசவில்லை. ஏசி ஓடும் சத்தம் மட்டும். பின்னால் மூன்று பிள்ளைகளும் சுகமாகத் தூங்கினார்கள். நான் துப்பாக்கியைக் கையில் தயாராகப் பிடித்துக்கொண்டு அவன் கண்ணையே பார்த்தபடி வந்தேன். சாலையைப் பார்க்கவில்லை. ஆக்குளம் பாலத்துக்கு முன்னால் ஓரமாக நின்ற பால் வண்டியை நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. கண் திறந்தபடியே தூங்கியிருக்கிறான். பால் வண்டிக்காரன் போட்ட கூச்சலில் வட்டத்தை வெட்டித் திருப்பினான். பக்கவாட்டுக் கண்ணாடி மட்டும் போயிற்று. பிள்ளைகள் அலறி எழுந்தார்கள்.

"நாய் குறுக்கே சாடி" என்றான் ஷிபு. குறுக்கே பாய்ந்ததாம். நாய் எதுவும் இல்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

கழக்கூட்டத்தில் இறங்கும்போது வித்யா என் தோளைத் தொட்டு, "அக்கா, பேடிச்சு போயோ?" என்று கேட்டாள். பயந்துவிட்டீர்களா என்று. அவள் தோள் பையில் ஒரு சின்னத் துணிப் பொம்மை தொங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

7

அன்றைக்கே சூப்பர்வைசர் அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடாமல் ஓர் ஆபீஸ் அறைக் கதவை நானாகத் தட்டியது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனேன். உள்ளே போனதும் மறந்துவிட்டது.

"ஷிபு தூங்குதான் சார். அவனை வேலையை விட்டு எடுத்துராதீங்க. ஒரு டிரிப்பைக் குறைச்சுக் குடுங்க. தூங்க நேரம் குடுங்க. அதுக்குத்தான் நான் பேசுனேன்."

அவர் திடுக்கிடுவார் என்று நினைத்தேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை.

"அறியாம் அக்கா" என்றார். தெரியும் என்கிறார். "ஷிபு மாத்திரமா? எல்லா டிரைவரும் அப்படித்தான். ஆபீஸ் ஃபுல்லா திறந்தாச்சு, டிரைவர் இல்ல. நான் எவிடெ போய் ஆள் பிடிக்கும்?" பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். ஏதோ நல்ல யோசனை வந்தது போல முகம் தெளிந்தது. "அப்போ அக்கா பேசிப் பேசித்தான் கொண்டுவந்ததா? நல்ல காரியம். அந்தக் கம்ப்ளெய்ன்ட் நான் பாத்துக்கறேன். அக்கா பேசிக்கோங்க."

"சார்?"

"நாளைலேர்ந்து பேசிக்கோங்க. குட்டிகள் கிட்ட நான் சொல்லிடறேன். ஷிபுக்கு ஆள் கிடைக்கற வரை அக்கா பேசி அட்ஜஸ்ட் பண்ணணும்."

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். அந்த மூன்று பிள்ளைகளின் உயிருக்கு அங்கே செய்திருக்கிற ஏற்பாடு என் வாய்தான் என்று தெரிந்தபோது எனக்குப் பயம் வந்தது. ஒரு நாள் எனக்குத் தொண்டை கட்டினால் என்ன செய்வார்கள்? எனக்கே தூக்கம் வந்தால்? எனக்கும் வயதாகிறதே.

சாயங்காலம் ஷிபு டீக்கடையில் நின்றிருந்தான். போய்ச் சொன்னேன்.

"தம்பி, இன்னைக்கு ராத்திரி டிரிப்பை வேண்டாம்னு சொல்லிட்டு வீட்டுல தூங்கு. தூங்காம வந்தேன்னா நாளைக்கு நான் வண்டியில ஏறமாட்டேன்."

"வேண்டாம்னு பறஞ்ஞா ரண்டு டிரிப்பும் போகும். அது அக்காக்கு அறியுமோ? நிங்ஙள் ஏறாதெ எனக்கு வண்டி எடுக்கான் பற்றில்ல." நான் ஏறாமல் அவன் வண்டியை எடுக்க முடியாது.

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

டீ கிளாஸைத் தட்டென்று வைத்தான். முகம் சிவந்துவிட்டது. "பாண்டிகளுடெ புத்தி" என்றான். தமிழர்களை இங்கே கோபத்தில் சொல்லும் வார்த்தை அது. அத்தனை நாள் சாம்பார், புட்டு என்று நான் எவ்வளவோ சீண்டியும் அவன் வாயில் வராத வார்த்தை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. வீட்டில் அத்தனை பொம்பளைப் பிள்ளைகள்.

8

நேற்று விடியக்காலை. வழக்கம் போல ஷிபு வந்து நின்று எனக்கு மிஸ்டு கால் கொடுத்தான். வீட்டைப் பூட்டிவிட்டு, நீலச் சட்டையின் பித்தானைப் போட்டுக்கொண்டே சந்துக்குள்ளிருந்து வந்தேன். ரோட்டில் வெங்காய லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். வண்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். நான் பூட்டிவிட்டு நடந்து வருவதற்குள் ஷிபு தூங்கிவிட்டான். வட்டத்தின் மேல் நெற்றியைச் சாய்த்து, மாஸ்க் ஒரு காதில் தொங்க, வாய் திறந்து.

அவன் பக்கத்துக் கதவை மெல்லத் திறந்து, கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருகினேன். பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை மாதம் பார்த்ததில் அது எனக்குத் தெரியும். இஞ்சின் நின்றது. அதற்கும் அவன் அசையவில்லை. காற்று வரட்டும் என்று கதவைத் திறந்தே விட்டேன். நான் என் பக்கத்துக் கதவைத் திறக்கவில்லை. ரோட்டில் நின்றேன்.

மூட்டை இறக்கியவர்களில் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். "எந்தா அக்கா, வண்டி கேடாணோ?"

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவர் ஷிபுவைப் பார்த்தார். மற்றவர்களிடம் போய் ஏதோ சொன்னார். அதற்குப் பிறகு அவர்கள் கொஞ்சம் சத்தம் குறைத்து மூட்டை போட்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. முழங்கால் வலித்தது. போன் அடித்தது. வித்யா. பிள்ளைகள் எனக்குப் போன் செய்தால் நான் பெரும்பாலும் ஷிபுவிடம்தான் கொடுப்பேன். நேற்று நானே எடுத்தேன்.

"அக்கா, வண்டி எங்க இருக்கு? நான் வாசல்ல நின்னுண்டிருக்கேன்." அவள் என்னிடம் தமிழில் பேசியது நேற்றுதான் முதல் தடவை. வீட்டு வாசல் என்பதாலோ என்னவோ.

"இன்னைக்கு வண்டி வராது மக்கா. டிரைவர் தூங்குதாரு."

"தூங்கறாரா? எழுப்பப்படாதோ?"

"எழுப்புனா வண்டியை எடுப்பாரு. எடுத்தா வழியில தூங்குவாரு. நேத்து நாய் ஒண்ணும் குறுக்க வரல மக்கா."

எங்கேயோ கோயில் மணி கேட்டது, அவள் வீட்டுப் பக்கம்தான். பிறகு, "அப்போ நீங்க தினம் அவரோட சண்டை போட்டது..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. "நான்னா கம்ப்ளெய்ன்ட் பண்ணினேன்" என்றாள்.

"தெரியும் மக்கா. நீ தூங்கணும்லா."

"சரி. பேட்டைக்காரிக்கும் சாக்கைக்காரிக்கும் நானே சொல்லிடறேன். நீங்க அவாளுக்கெல்லாம் ஃபோன் பண்ணிண்டு கஷ்டப்படாதீங்கோ. ஆபீஸ்லேயும் இன்னிக்கு ஏன் வரலைன்னு எழுதிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

அவள் எழுதுவதால் ஷிபுவுக்கு நல்லது நடக்குமா கெட்டது நடக்குமா எனக்குத் தெரியவில்லை. எனக்கும்தான். இதை எழுதும் இந்த நிமிஷம்வரை தெரியாது.

வைத்த கையோடு சூப்பர்வைசர் சார் அழைத்தார். மலையாளம், தமிழ், இங்கிலீஷ் மூன்றிலும் கத்தினார். ஸ்ரீவராகத்தில் வண்டி இல்லை, பேட்டையில் வண்டி இல்லை, ஷிபு போன் எடுக்கவில்லை, எங்கே நிற்கிறீர்கள், என்ன நடக்கிறது.

"ஆரியசாலையில சார். நான் வண்டியில ஏறல. நான் ஏறாம வண்டியை எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஷிபு எவிடெ?"

"தூங்குதான்."

"எழுப்பு. இப்பவே எழுப்பு அக்கா."

ஷிபுவைப் பார்த்தேன். வட்டத்திலிருந்து நழுவி, என் சீட்டுப் பக்கமாகச் சாய்ந்து, என் இடத்திலும் கொஞ்சம் கையைப் போட்டுக்கொண்டு தூங்கினான்.

"எழுப்பமாட்டேன் சார்" என்றேன்.